ஏழாவது ஆள்

கப்பலேறும்போது என் காகிதங்களில் ‘தாயகம் திரும்புகிறவர்’ என்று எழுதியிருந்தார்கள். ஓரிடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் அங்கே ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் ரங்கூனில் பிறந்தவன். அங்கேயே படித்து, இருபத்தாறு வயதுவரை அங்கே ஓர் அரிசி ஆலையில் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தவன். அறுபதுகளின் நடுவில் அங்கத்திய அரசாங்கம் ஆலையை எடுத்துக்கொண்டபோது டைப்ரைட்டரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது நான்தான். என்னை எடுத்துக்கொள்வதாக யாரும் சொல்லவில்லை.

மெட்ராசில் இறங்கியதும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, “சொந்த ஊர்?” என்றார். காலமாகிவிட்ட அப்பா எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது.

“தேனிப் பக்கம்.”

“அங்கே யார் இருக்காங்க?”

“தெரியாது.”

அவர் ‘உறவினர் உண்டு’ என்று எழுதிக்கொண்டார். என்மேல் அரசாங்கத்துக்கு இருந்த நம்பிக்கை எனக்கே இருந்ததில்லை.

அப்பாவின் ஊர் கடமலைக்குண்டுக்கு அந்தப் பக்கம். போய்ப் பார்த்தேன். அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஊர் கூடி நின்று யோசித்தது. அந்தப் பெயரில் அங்கே ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் பர்மாவுக்குப் போகவில்லை, போவதாகவும் இல்லை. மோர் கொடுத்தார்கள். தேனிக்கு அடுத்த பஸ் எப்போது என்பதை அன்போடு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்கள்.

தேனியில் ஒரு கமிஷன் மண்டி முதலாளி, வெளியூர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் அவர் வீடு, மாடியில் மிளகாய் மூட்டைகளும் நானும். முதல் மூன்று மாதம் நான் பேசியதைவிடத் தும்மியதுதான் அதிகம். வேளாவேளைக்கு முதலாளி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு மாடிக்கு வந்துவிடும். தேனியில் எனக்குத் தெரிந்த ஒரே வீடு அதுதான். மற்ற வீட்டுக்காரர்களோடு எனக்கு வாசல் வரைதான் பழக்கம். “வாடகைக்கு எடம் இருக்கா?” என்று நான் கேட்டால், “நீங்க என்ன ஆளுக?” என்று அவர்கள் கேட்பார்கள். ரங்கூனில் இருபத்தாறு வருஷமும் “இந்தியா” என்பதே போதுமான பதிலாக இருந்தது. இந்தியாவில் அந்தப் பதிலைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

தாய்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நான் வந்துவிடவில்லை. ரங்கூனில் எங்கள் தெருத் தமிழர்களில் பாதிப் பேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே இந்தியாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. கப்பலேறும் வரை எனக்குப் பாடம் நடத்தினார்கள். ‘ஊரில் யாரும் கைலியோடு தெருவில் இறங்க மாட்டார்கள்’ என்றார்கள். பட்டாபிஷேகத்துக்குப் போகிறவன் மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். தேனியே கைலியில் இருந்தது. வேட்டி கட்டிப் பழக்கமில்லாததால், வாரச் சந்தையன்று அது என்னை விட்டுப் பிரிந்த கதையைப் பலர் பார்த்திருக்கிறார்கள், இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ‘எதிரே வருகிறவர்களையெல்லாம் கைகூப்பிக் கும்பிட வேண்டும்’ என்றார்கள். இரண்டு நாள் கும்பிட்டேன். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருவர், “எந்த வார்டுல நிக்கிறீக?” என்று கேட்டார்.

மூன்றாவது பாடம், சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாமென்று சொல்லவே கூடாது, சொன்னால் அந்த வீட்டுக்கும் நமக்கும் ஏழு தலைமுறைப் பகை. இந்தப் பாடம் மட்டும் எங்கும் என் காலை வாரவில்லை. அதனால் மற்ற இரண்டையும் மன்னித்து, இதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இப்படி ஆறேழு மாதம் ஓடியபின், முதலாளி தன் மகனுக்குப் பெண் பார்க்கக் கம்பத்துக்குக் கிளம்பினார். மகனுக்கு இருபத்தெட்டு வயது. மண்டியில் பருத்தியைக் கிள்ளிப் பார்த்துத் தரம் சொல்வது தவிர வேறெதைப் பற்றியும் அவன் அபிப்பிராயம் சொல்லி யாரும் காதால் கேட்டதில்லை, யாரும் அவனிடம் அபிப்பிராயம் கேட்கவுமில்லை. முதலாளியின் மனசு போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி வீட்டுமேல் இருந்தது. கம்பத்து வீடு வாழைத்தோப்புக்காரர் வீடு. வேண்டியவர் ஒருவர் சொல்லிவிட்டாரே என்பதற்காக, பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், பார்க்காத மாதிரியும் வந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

பெண் பார்க்க ஒற்றைப்படையில்தான் ஆள் போக வேண்டும். முதலாளி, அவர் மனைவி, மகன், முதலாளியின் அக்கா, முதலாளியின் மச்சான், மச்சான் மனைவி. ஆறு. ஏழாவதாக வரவேண்டிய பங்காளி காய்ச்சலில் படுத்துவிட்டார். சாஸ்திரமெல்லாம் மச்சானின் பொறுப்பு. அவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“டிரைவரச் சேத்தா ஏழு வந்துருதுல்ல?” என்றார் முதலாளி.

“டிரைவரு எப்படி மாமா ஆளாவான்? அவன் வண்டியோட சேந்தவன், ஸ்டீரிங்கு மாதிரி,” என்றார் மச்சான். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏலே பர்மா! வேட்டியக் கட்டிட்டு எறங்கு.”

முதலாளி என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “அங்கன வந்து வாயத் தொறக்கக் கூடாது. உக்காரச் சொன்னா உக்காரு, எந்திரிக்கச் சொன்னா எந்திரி. அம்புட்டுத்தேன்.”

எனக்கு ஒரே பெருமை. எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்களே!

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வந்து போயின. வயல்களுக்கு அப்பால் மலை கூடவே ஓடி வந்தது. கம்பத்து வீட்டில் கூடம் நிறையப் பாய் விரித்திருந்தார்கள். பெண் காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தோப்பைப் பற்றி, பஞ்சு விலையைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. கடைசியில் பெண்ணின் அப்பா எழுந்து, “எல வெட்டியாச்சு. கை நனைச்சிட்டுத்தேன் போகணும்,” என்றார்.

“இருக்கட்டுங்க. இன்னொரு நா சாவகாசமா வந்து நனைக்கிறோம். தாக்கல் சொல்லி விடுறோம்,” என்றார் முதலாளி.

பெண்ணின் அப்பாவின் முகம் வாடியது. சோறு மறுக்கப்பட்ட துக்கம் என்று நான் புரிந்துகொண்டேன். ரங்கூன்காரர்கள் சொன்னது எவ்வளவு சரி! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபோது எல்லோரும் செய்வதைச் செய்தார்கள். “தோப்பப் பாப்பம்,” என்று வெளியே போனார்கள். வேட்டியை மறுபடி கட்டுவதற்காக நான் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினேன்.

அடுப்படி வாசலில் பெண்ணின் அம்மா கரண்டியோடு நின்றார். போகிறவர்களின் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீங்களாச்சும் சாப்பிடுங்க தம்பி.”

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு பேச்சுக்குத்தான் என்று முடிவு செய்தேன். ஏழு தலைமுறைப் பகையைத் தடுக்க வேண்டியது இப்போது என் ஒருவன் கையில் இருந்தது. உட்கார்ந்தேன். இலை வந்தது. இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. ஆறு சாப்பிட்டேன். இரண்டு வடை. பாசிப்பருப்புப் பாயசம் வந்தபோது அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவனை அவர் பார்த்து நாளாகிவிட்டது போலும் என்று நினைத்து இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். சமையல்கட்டிலிருந்து நாலைந்து பெண்கள் வந்து சுவரோரம் நின்று பார்த்தார்கள். கை கழுவச் செம்பில் தண்ணீர் வந்தது. விரலில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

சாப்பிட்டவனை இப்படி வழியனுப்புவது எவ்வளவு நல்ல பழக்கம் என்று எண்ணியபடி வெளியே வந்தேன். தோப்பிலிருந்து முதலாளி ஓடி வந்துகொண்டிருந்தார். கனத்த உடம்பு. அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“என்னாது குலவச் சத்தம்?”

“சாப்பிட்டேன்,” என்றேன்.

ஜீப் உத்தமபாளையத்தைத் தாண்டியது. பிறகு மச்சான் ஆரம்பித்தார்.

“எம்புட்டுடா தின்ன?”

“ஆறு இட்லி.”

“ஆறா?”

“வடை இரண்டு. பாயசம்.”

“பாயசமுமா!” என்று முதலாளியின் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். “இனிப்பையும் தின்னுட்டு வந்திருக்கான்!”

“ஏலே, காப்பி குடிக்கலாம், வெத்தல போடலாம்,” என்றார் மச்சான். “பொண்ணு பாக்கப் போன எடத்துல எலையில கை வச்சா, எங்களுக்குச் சம்மதம்னு அர்த்தம். அதுக்குத்தேன் பேசி முடிக்காம யாரும் கை நனைக்கிறதில்ல. பச்சப்புள்ளைக்குத் தெரியும்லே இது!”

“என்கிட்ட யாரும் சொல்லலையே.”

“மூச்சு விடணும்னுந்தேன் ஒனக்கு யாரும் சொல்லல. விடுறேல்ல?”

முதலாளி திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். “அவுக தட்டத் தூக்கிக்கிட்டு வரத்தேன் செய்வாக. வந்தா, அவன் எங்க ஆளில்ல, மண்டியில கடுதாசி எழுதுற பர்மாக்காரன், அவன் தின்னதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொல்லிருவோம். சொன்னதுக்கப்புறம் ஒன்னய இங்கன வச்சுக்க முடியாது தம்பி. எங்க ஆளே இல்லன்னு சொன்னவன எங்க வீட்டு மாடியில வச்சிருந்தா ஊரு சிரிக்கும். நீ மெட்ராசுக்கே போயிரு.”

மெட்ராஸ் என்றால் மெட்ராஸ் அல்ல, கப்பலிலிருந்து இறங்கியதும் எங்களை முதலில் வைத்திருந்த, ஊருக்கு வெளியே இருந்த முகாம். தகரக் கூரை. தண்ணீருக்கு ஒரு வரிசை, வரிசையில் நிற்க அனுமதி வாங்க இன்னொரு வரிசை. கூப்பிடுவதற்கு அங்கே எனக்கு ஓர் எண் இருந்தது. தும்மலோடு என்றாலும் ஒரு மாடி, திட்டோடு என்றாலும் “ஏலே பர்மா” என்று ஒரு குரல், இதெல்லாம் எனக்கு இந்தப் பூமியில் தேனியில் மட்டும்தான் இருந்தது. ஆறு இட்லியில் அதைத் தின்று தீர்த்திருந்தேன்.

மறுநாள் பகலில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளியின் மகன் மாடிக்கு வந்தான். மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்தான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

“இட்லி நல்லாருந்துச்சா?”

“நல்லா இருந்தது.”

“யாரு சுட்டாகன்னு சொன்னாகளா?”

“சொல்லலை.”

ஒரு தும்மல் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

நாலாம் நாள் காலை பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ. அதை முதலாளி வீட்டுக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். அந்தத் தாம்பாளத்தைத் தொடுவதா என்ற மாதிரி முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மச்சான் சுவரோரம் இடம் பிடித்தார். என்னை மாடியிலிருந்து கூப்பிட்டு, சாட்சிப் பொருள் மாதிரி கதவோரம் நிறுத்தினார்கள்.

“தாக்கல் வரும் வரும்னு பாத்தோம்,” என்றார் பெண்ணின் அப்பா. “சரி, கை நனைச்ச வீடுதான, நாமளே போவமேன்னு வந்துட்டோம்.”

“நாங்க நனைக்கலையே,” என்றார் முதலாளி.

“இந்தா நிக்கிறாரே, இவரு நனைச்சாருல்ல?”

“இவனா? இவன் எங்க ஆளில்லீங்க. பர்மாவுலருந்து வந்தவன். இங்கன கடுதாசி எழுதுறான். ஒண்ணும் தெரியாது பாவம். பசி.”

என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பெண்ணின் அப்பா தடுமாறினார். அந்த அம்மா தடுமாறவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்டுக்கு எத்தன பேரு வந்தீக?”

மச்சான்தான் வழக்கம்போல முந்திக்கொண்டார். “ஏழு பேரு. சாஸ்திரப்படிதேன் வந்தோம்.”

“இவரோட சேத்தா ஏழா, சேக்காமலா?”

மச்சான் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

“இவரு ஒங்க ஆளில்லன்னா நீங்க ஆறு பேராத்தேன் எம் மக பாக்க வந்திருக்கீக,” என்றார் அந்த அம்மா. “ரெட்டப்படையில வந்து எங்க வாசல மிதிச்சிருக்கீக. அப்ப அது அபசகுனமா இல்லையா? எம் மகளுக்கு அதுக்கு என்ன பரிகாரம் செய்யப் போறீக? எண்ணிக்கைக்கு மட்டும் ஆளு, எலைக்கு ஆளில்லையா?”

“அப்பிடிப் பாத்தா டிரைவரும் இருந்தான், அவனச் சேத்துக்கங்க,” என்றார் மச்சான்.

“டிரைவரு வண்டியில இருந்தாரு. இவரு கூடத்துல எங்க பாயில உக்காந்தாரு. ஏண்ணே, நீங்க சொல்லுங்க, டிரைவரு ஆளா?”

டிரைவர் ஸ்டீரிங்கு மாதிரி என்று நாலு நாளைக்கு முன் உறுதியாகச் சொன்ன மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க இவுக ஆளா, இல்லையா?”

அரசாங்கங்கள் இரண்டு, இந்தக் கேள்வியை எனக்கு வெவ்வேறு படிவங்களில் கொடுத்திருந்தன. எனக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பித்தான் பழக்கம். ஆமாம் என்றால் முதலாளிக்குத் துரோகம். இல்லை என்றால், நான் தின்ற ஆறு இட்லியும் உள்ளே இருந்து அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கும். ‘மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றார்கள்’ என்று கம்பம் பேசும். மெட்ராஸ் பஸ்ஸைப் பற்றியும் யோசித்தேன். நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, அதைத்தான் அதிகம் யோசித்தேன்.

“எனக்கே தெரியலைங்கம்மா. இவர்களைத்தான் கேட்கணும்,” என்றேன். கோழைத்தனத்துக்குப் பணிவைப் போல் பொருத்தமான சட்டை வேறில்லை.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளியின் மகன்.

“ஏழு பேருதேன் போனோம். நான் எண்ணுனேன்.”

அந்த வீட்டில் அவன் பருத்தியைத் தவிர வேறொன்றைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். காது சிவந்திருந்தது. முதலாளி மகனைப் பார்த்தார். மகன் தலையைத் தூக்கவில்லை. முதலாளியின் மனைவி மட்டும் மகனின் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கணவரிடம், “என்னாங்க, புள்ள எண்ணிருக்கான்ல?” என்றார் மெதுவாக.

போடியின் ஏலக்காய் வாசனை அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுவதை நான் கண்ணால் பார்த்தேன். முதலாளி பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

“ஆமாய்யா,” என்றார், யாரோ பல்லைப் பிடுங்குகிற மாதிரி. “எங்க ஆளுதேன்.”

அந்த அம்மா விடவில்லை. “என்ன மொற?”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகன் என்று சொன்னால் பங்கு போகும். மாமன் மச்சான் என்றால் இன்னொரு கல்யாணப் பேச்சு வரும். ஒரு வியாபாரி அரை நொடியில் எவ்வளவு தூரம் யோசிக்க முடியும் என்பதை அன்று கண்டேன்.

“தம்பி மொற,” என்றார்.

“அப்ப மாப்பிள்ளைக்குச் சித்தப்பா,” என்று அந்த அம்மா தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். என்னைவிட இரண்டு வயது மூத்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். சிரிக்காமல், மரியாதையாக, “சித்தப்பா, தட்டப் பிடிங்க,” என்றான். இன்றுவரை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவன் என்னைச் ‘சித்தப்பா’ என்று கூப்பிடும்போது சுற்றியிருப்பவர்கள் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள்.

உறவுக்காரனாக என் முதல் அரைமணி நேரம் இப்படிக் கழிந்தது. மச்சான் என்னைப் பூக்கடைக்கு அனுப்பினார். முதலாளியின் அக்கா என்னை வாழையிலை நறுக்கச் சொல்லி, நறுக்கியது கோணல் என்று திட்டினார். முதலாளி, “மண்டியில அந்தக் கடுதாசிய முடிச்சியா இல்லையா?” என்று நடுவில் ஒருமுறை வந்து கேட்டார். அடுக்கிய பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மெட்ராஸ் என்ற ஊர் இருப்பதையே அந்த வீடு மறந்துவிட்டது.

பந்தி போட்டார்கள். கம்பத்துக்காரர்கள் இங்கே கை நனைக்க வேண்டுமே. என்னையும் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆறேழு மாதமாகத் தூக்குச்சட்டியில் எனக்குச் சாப்பாடு அனுப்பிய முதலாளியின் மனைவி அன்றுதான் நேரில் பரிமாறினார். சம்பந்திகளிடம், “இன்னொண்ணு வைக்கட்டுமா? கூச்சப்படாதீக,” என்று குனிந்து குனிந்து கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வைத்துக்கொண்டே போனார்.

சாப்பிட்டு முடித்ததும், கம்பத்துக்காரர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். நானும் அவர்களைப் பார்த்து இலையை மூடினேன், எழுந்தேன், கை கழுவப் போனேன். பின்னாலிருந்து முதலாளியின் மனைவியின் குரல் வந்தது, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

“ஏலே, எலைய யாரு எடுப்பா? நீ என்ன விருந்தாளியா?”